மழை பெய்தால் வெள்ளிக்கிழமை

சென்னை
8-9-2025

என் அருமை குர்ஷித்துக்கு,

எழில் எழுதுவது. நாலு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. போன மாதம் உங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நான் வந்தபோதும் மேனேஜர் அரங்கநாதன் நிழல் மாதிரி கூடவே நின்றதால் உன்னிடம் ஒழுங்காக இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. அதனால்தான் காலேஜ் லீவு நாட்களில் எழுதிக்கொண்ட மாதிரி காகிதம் எடுத்துவிட்டேன். வீட்டில் அப்துல் ஹமீத் அண்ணன் சௌக்கியமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

சந்தோஷமான செய்தி. உங்கள் நிலையத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி முடித்துவிட்டேன். தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிகளிலிருந்து வரும் கழிவுநீர், காற்று ஊதும் தொட்டி, தெளிவுத் தொட்டி, அழுக்கைத் தின்று சேறாக மிதக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள், எல்லாம் உள்ளே இருக்கின்றன. மேலே மழையைக் கொட்டிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கனமழையைத் தாங்க நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய தொட்டி வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அரசுக் கமிட்டி எங்கள் கம்பெனியிடம் கேட்ட கேள்வி. வேண்டாம் என்று மாடல் சொல்கிறது. நாலு வருஷத்துக் கனமழையிலும் உங்கள் நிலையம் அசையவே இல்லை. உங்கள் தினசரிப் பதிவேட்டோடு எண்கள் அவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன. எங்கள் டைரக்டர் ஜெயப்பிரகாஷ் சார் கை குலுக்கினார்.

ஒன்றுதான் விசித்திரம். மழை நாளில் உங்களுக்கு வரும் தண்ணீர் கம்மியாகிறது. மழை பெய்தால் டேனரிக்காரர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

பதிவேடு முழுக்க உன் கையெழுத்து. முத்து முத்தாக. ஸ்கேன் செய்தவர்களே புகழ்ந்தார்கள். நவம்பர் 27 அன்று ஆம்பூரில் கமிட்டிக் கூட்டம். அன்றைக்காவது என்னைப் பார்த்துச் சிரி.

உன் லேப் ஜோடி,
எழிலரசி


ஆம்பூர்
15-9-2025

அடி எழிலு,

உன் கடுதாசி வந்தது. ஹமீத் நலம், இடுப்பு வலி என்னைவிட நலம். போனை நிலையத்து கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பையன் ஒருத்தனை இரண்டு வருஷம் முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதிலிருந்து இந்தச் சட்டம். சாயங்காலம் வீட்டிலிருந்து கூப்பிடலாம். கூப்பிடக்கூடாது என்றுதான் கூப்பிடவில்லை. உன் குரலைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பயம்.

இப்போது உன் கடுதாசியைப் படித்தபிறகு பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. உன்மேல் பாதி, என்மேல் பாதி.

மழை பெய்தால் டேனரி நிற்குமா? குடியாத்தத்தில் மழை பெய்தால் உங்கள் வீட்டு லுங்கித் தறி நின்றதா? தண்ணீரில் ஊறப்போட்ட தோலை மழைக்காகப் பாதியில் எடுத்து வைப்பார்களா? கம்ப்யூட்டர் சொன்னால் நீ எதையும் நம்புவாயா?

நன்றாகக் கேள். எங்கள் ஊர் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஜும்மா நாள். அன்றைக்கு நிலையத்துக்குத் தண்ணீர் கம்மி, வெளியே போகும் தண்ணீரும் தெளிவு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் அரங்கநாதன் சார் சொன்னார்: "மழை ஜாஸ்தியா இருந்தா ஒண்ணும் யோசிக்காதேம்மா. வெள்ளிக்கிழமைய எடுத்து எழுதிடு. ஒவ்வொரு எண்ணுலயும் கடைசி டிஜிட்டை மட்டும் மாத்திக்கோ." மழை நாள் மட்டும் இல்லை. அதற்கப்புறம் தண்ணீர் தெளிகிற வரைக்கும் எல்லா நாளும் வெள்ளிதான். அது இங்கே ஒரு வழக்கம். கூட வேலை செய்கிறவர்கள் வானம் கறுத்தாலே "நாளைக்கு வெள்ளிடா" என்பார்கள்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஸ்கேன் பண்ணின பக்கத்தை எடு. 2022 டிசம்பர், புயல் மழை. தேதிக்குப் பக்கத்தில் கிழமை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எனக்கு எழுது.

காலேஜில் என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தானே எழுதினாய். பழக்கம் போகவில்லை.

குர்ஷித்


சென்னை
22-9-2025

குர்ஷித்,

பார்த்தேன். டிசம்பர் 10 முதல் 26 வரை தொடர்ந்து பதினேழு வெள்ளிக்கிழமை.

அந்தக் கிழமைக் கட்டத்தை நான் பார்க்கவே இல்லை. ஸ்கேனிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது, தேதி இருக்கிறது, கிழமை எதற்கு என்று நானே அதை வெட்டி எறிந்தேன்.

ஆனால் நீ செய்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. போன மாதம் உன் மேஜைக்கு எதிரே நின்று, உன் நோட்டுதான் என் மாடலுக்கு உயிர் என்று சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டு டீ வேண்டுமா என்று கேட்டாய். நான் ஒரு பொய்க்கு இரண்டு வருஷம் உழைத்து, அதற்குக் கோட்டும் மாட்டிவிட்டு, அதன் கீழே என் பெயரையும் எழுதியிருக்கிறேன். உள்ளுக்குள் சிரித்தாயா? பன்னிரண்டு வருஷ சிநேகிதம் ஒரு டீக்குத்தான் ஆயிற்றா?

ஜெயப்பிரகாஷ் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அறிக்கை போயாச்சு. பதிவேடு அவங்க கொடுத்தது. அது தப்புன்னா அவங்க தப்பு, நம்ம தப்பு இல்ல. வேற நம்பர் இருக்கா உங்ககிட்ட? இல்லல்ல? அப்ப விடுங்க."

என்னால் விட முடியாது. அந்தத் தொட்டி கட்டாமல் போனால் அதற்குக் காரணம் என் பெயர். உண்மையான எண்கள் எங்காவது இருக்கின்றனவா? இருந்தால் கொடு. இல்லையென்றால் இனி எனக்கு எழுதாதே.

எழிலரசி


ஆம்பூர்
1-10-2025

எழில்,

கோபித்துக்கொண்டாய். நல்லது. கோபம் வராதவர்களோடு நாலு வருஷமாக வேலை செய்து எனக்குப் பேஜாராகிவிட்டது.

சிரிக்கவில்லை. டீ கேட்டது வேறு ஒன்றும் வாயில் வராததால். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஒரே ஒரு தடவை. திரும்பத் திரும்பக் கேட்கமாட்டேன்.

கிழமைக் கட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2021-இல் முதல் தடவை எழுதும்போது வரியைப் பார்த்துக் காப்பி அடித்ததில் வெள்ளி என்பதையும் சேர்த்து எழுதிவிட்டேன். அன்றைக்கு வியாழன். அப்புறம்தான் தெரிந்தது. மேனேஜர் பார்க்கவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் வேண்டுமென்றே எழுதினேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "இன்னாம்மா இது?" என்று கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. நீ வருகிறாய் என்றதும், என் எழில் கண்டுபிடிப்பாள் என்று நம்பினேன். நீயும் கண்டுபிடிக்கவில்லை. என் கோபத்தில் உன் பாதி அதுதான்.

தைரியம் இருந்திருந்தால் கட்டத்தில் ஒளித்து எழுதியிருக்கமாட்டேன், வாய்விட்டுச் சொல்லியிருப்பேன். அதுவும் தெரியும்.

இங்கே அமிர்தவள்ளி என்று ஒரு அக்கா. நிலையத்துக்குக் கீழே இரண்டு காணியில் தென்னையும் மாட்டுத்தீவனமும் போடுகிறாள். ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் கலர் சோடா பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வருவாள். "பாத்து சொல்லு கண்ணு, மாட்டுக்குக் காட்டலாமா?" என்பாள். நல்லா இருக்கு என்று சொல்லச் சொல்வது மேனேஜர், சொல்வது நான். போன வருஷம் அவளுடைய இரண்டு மாடு போயிற்று. அப்புறமும் பாட்டிலோடு வந்தாள். என்னைத்தான் நம்பி வந்தாள்.

உண்மையான எண்கள் ரஃப் நோட்டில் இருந்தன. போகி அன்று பழைய சாக்கு, துடைப்பத்தோடு அதையும் போட்டுக் கொளுத்துவார் மேனேஜர், வருஷா வருஷம். ஆனால் ரஃப் நோட்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. மழையில் தொட்டிக் கரைக்கு நோட்டை எடுத்துப் போக முடியாது. சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவேன். அதன் பின்பக்கம்தான் முதலில் எழுதுவது. எத்தனை மணி, கால்வாய்ச் சுவரின் அளவுக் கோட்டில் தண்ணீர் எதுவரை, ஒரு லிட்டர் சிலிண்டரில் அரை மணி நேரத்தில் சேறு எவ்வளவு படிந்தது. மூன்று எண். நாலு மழைக்காலத்துக்கும் சேர்த்து அறுபத்தொரு தாள்.

ரிஜிஸ்தர் தபாலில் வருகிறது. ஆற்காட்டு மக்கன்பேடா டப்பா என்று வாயில் எச்சில் ஊறவிடாதே. உள்ளே இனிப்பு இல்லை.

குர்ஷித்


சென்னை
27-10-2025

குர்ஷி,

டப்பாவை முகர்ந்து பார்த்தேன். இன்னும் நெய் வாசம் இருக்கிறது, பாவி.

போன கடிதத்தில் எழுதக்கூடாததை எழுதிவிட்டேன். நீ ஒரு தடவை கேட்ட மன்னிப்புக்கு நானும் ஒரு தடவை. சரியாகிவிட்டது.

மூன்று வாரம், தினமும் ஆபீஸ் வேலை முடிந்தபிறகு உட்கார்ந்து செய்தேன். உன் தாள்களைத் தரையில் பரப்பினேன். 2021, 2022 தாள்களை மட்டும் மாடலுக்குக் காட்டினேன். 2023, 2024 தாள்களைக் கவிழ்த்து வைத்து, அந்த வருஷங்களின் மழையை மட்டும் கொடுத்து, "நீ சொல்லு, என்ன ஆகும்?" என்று கேட்டேன். அது சொன்ன பிறகு தாள்களைத் திருப்பினேன். குர்ஷி, நீ எழுதியதையே அது சொல்லியிருந்தது. தாளுக்குத் தாள். பொய்யாக எழுதியிருந்தால் இப்படி வரவே வராது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நடப்பது இதுதான். ஒரே நாளில் ஆறு சென்டிமீட்டர் பெய்தால், திறந்த கால்வாய்கள் வழியாக மழைநீரும் சேர்ந்து மூன்று பங்கு தண்ணீர் உள்ளே வருகிறது. அந்த வேகத்தில் தெளிவுத் தொட்டியிலிருந்து சேறு மேலே எழும்பி வெளியே போய்விடுகிறது. புயலுக்கு முன்னால் உன் சிலிண்டரில் 320 மில்லி சேறு படிந்தது, மறுநாள் 90. மீதி நுண்ணுயிரெல்லாம் பாலாற்றில். அவை திரும்பப் பெருக பதினேழு நாள் ஆகிறது. அதுவரை டேனரித் தண்ணீர் ஏறக்குறைய வந்தபடியே வெளியே போகிறது. மழை ஒரு நாள்தான். அமிர்தவள்ளி அக்காவுக்கு அது பதினெட்டு நாள்.

இன்னொன்றும் சொல்கிறது. அதிகமாக வரும் தண்ணீரை நாலு மணி நேரம் பிடித்து வைத்தால் போதும். நாலே மணி நேரம். சேறு பிழைத்துவிடும். வேண்டாம் என்று நான் எழுதினேனே, அந்தத் தொட்டி அதற்குச் சரியாக இருக்கிறது.

திருத்திய அறிக்கையை நானே கமிட்டிக்கு அனுப்பப் போகிறேன். ஜெயப்பிரகாஷ் சார் ஒத்துக்கொள்ளமாட்டார். பரவாயில்லை. ஆனால் உன் பெயர் வேண்டாம். "பெயர் சொல்ல விரும்பாத ஊழியர்" என்று போட்டுவிடுகிறேன். உன் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

சரி என்று ஒரு வரி எழுது.

எழில்


ஆம்பூர்
3-11-2025

எழில்,

சரி இல்லை.

பொய்யை என் முத்தான கையெழுத்தில், பக்கத்துக்குப் பக்கம் என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். உண்மை மட்டும் பெயரில்லாமல் முக்காடு போட்டுக்கொண்டு வருமா? பெயரில்லாத காகிதத்தை அவர்கள் மொட்டைக் கடுதாசி என்று குப்பையில் போடுவார்கள். நீயே ஒரு எண்ணை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மாடலில் சேர்ப்பாயா? இனிமேல் சேர்க்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

முழுதாகப் போடு. எம். குர்ஷித் பேகம், ஆய்வக உதவியாளர். எழுத்துப் பிழை இல்லாமல்.

ஹமீதிடம் சொன்னேன். அவர் ஷூ கம்பெனியில் மேல்தோல் வெட்டுகிறவர், அவருக்கும் டேனரிதான் சோறு போடுகிறது. அப்புறம் கேட்டார்: "தொட்டி கட்டினா டேனரி மூடிடுமா?" இல்லை, கட்டாவிட்டால்தான் என்றைக்காவது ஒரு நாள் கோர்ட்டு மூடும் என்றேன். "அப்ப எழுது. நான் இருக்கேன்ல," என்றார். நிக்காஹ் அன்றைக்குக்கூட இந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கவில்லை.

இன்னொன்று. போன வாரம் இங்கே நல்ல மழை. பதிவேட்டில் உண்மையை எழுதினேன். உண்மையான எண், உண்மையான கிழமை. அரங்கநாதன் சார் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, புத்தி கெட்டுப் போச்சா? வெள்ளிய எழுதுன்னா எழுது," என்றார். "இன்னிக்கு செவ்வாய் சார்," என்றேன். பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தார். பக்கத்துக்கெல்லாம் வரிசை நம்பர் அடித்த நோட்டு, கிழித்தால் தெரியும். மூடி வைத்துவிட்டுப் போனார்.

குர்ஷித்


சென்னை
18-11-2025

குர்ஷி,

திருத்திய அறிக்கை கமிட்டிக்கு ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டது. உனக்கு ஒரு பிரதியும், தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும் இதோடு வைத்திருக்கிறேன். உன் டப்பாவும் தனியாக வருகிறது, தாள் அறுபத்தொன்றும் எண்ணி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் உன் பெயர், பிழையில்லாமல்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். 27-ஆம் தேதி கூட்டத்துக்குக் கம்பெனி சார்பில் வேறு ஒருத்தர் வருவார், பழைய அறிக்கையோடு. எனக்கு அனுமதி இல்லை. வாசலில் வந்து நிற்கலாம் என்று பார்த்தேன். ஜெயப்பிரகாஷ் சார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார், அன்றைக்கு நான் அந்தப் பக்கம் வந்தால் அறிக்கையே பகையில் எழுதியது என்பார்கள்.

நிலையத்து ஊழியர் என்ற முறையில் நீ உள்ளே இருப்பாய். உன்னைத் தனியாக விடுகிறேனே என்று இருக்கிறது. அதற்காக அறிக்கையில் எழுதியதை மாற்றமாட்டேன்.

எழில்


ஆம்பூர்
2-12-2025, செவ்வாய்க்கிழமை
காலையிலிருந்து மழை

என் எழிலுக்கு,

கூட்டம் நடந்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

உங்கள் கம்பெனி ஆள் டை கட்டிக்கொண்டு வந்து படம் போட்டார். மழை பெய்தால் டேனரிகள் வேலையை நிறுத்துகின்றன என்று உன் பழைய வரியைப் படித்தார். டேனரி முதலாளிகளே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்.

அப்புறம் கமிட்டியின் தலைமை அதிகாரி உன் புது அறிக்கையை எடுத்து, "இந்த குர்ஷித் பேகம் யாரு?" என்றார். எழுந்து நின்றேன். டப்பாவைத் திறந்து மேஜையில் தாள்களை வைத்தேன். அரங்கநாதன் சார் சொன்னார்: "சார், காலண்டர் பேப்பர்லாம் ஒரு சாட்சியா? வீட்ல உக்காந்து எழுதிட்டு வந்திருக்கு. எங்க பதிவேட்டுல கவர்மென்ட் அதிகாரியே கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அப்ப அந்தப் பதிவேட்டையே பாக்கலாம் சார்," என்றேன். "2022 டிசம்பர். பத்தாம் தேதிலேர்ந்து கிழமையை மட்டும் சத்தமா படிங்க."

தலைமை அதிகாரி படித்தார். வெள்ளி. வெள்ளி. வெள்ளி. ஆறாவது வெள்ளியில் குரல் இறங்கிவிட்டது. "முழுசா படிங்க சார், பதினேழு இருக்குது," என்றேன். படிக்கவில்லை. பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவருடையது. அந்த மனுஷர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இது யார் எழுதினது?" என்று கேட்டார் தலைமை அதிகாரி.

"நான்தான் சார். பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன். அதுக்கு இன்னா தண்டனையோ கொடுங்க. ஆனா தொட்டிய கட்டுங்க." என்றேன்.

முடிவு இது. பழைய அறிக்கை ஏற்கப்படவில்லை. தொட்டி மறுபடியும் திட்டத்தில் சேர்ந்துவிட்டது, எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். நாலு வருஷப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் கேட்டில் என்னிடம் போனை வாங்கவில்லை. உள்ளேயே விடவில்லை. பொய்ப் பதிவு செய்த குற்றத்துக்குப் பணி நீக்கம் என்று ஒரு காகிதம். அரங்கநாதன் சார் உள்ளேதான் இருக்கிறார். காகிதத்தை வாங்கி, கையெழுத்துப் போட்டு, தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று அமிர்தவள்ளி அக்கா விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள், பாட்டிலோடு. வாங்கவில்லை. "காட்டாதேக்கா, மாட்டுக்கும் காட்டாதே, நீயும் குடிக்காதே," என்றேன்.

"எல்லாத் தபாவும் நல்லா இருக்குன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்க்கா."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. அந்தப் பாட்டிலை என் வாசற்படியில் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நேற்று முழுக்க அழுதேன் எழில். வேலை போனதற்கு அழவில்லை.

இன்றைக்குக் காலையில் கதவைத் தட்டினாள். மழையில் நனைந்துகொண்டு அவளும் அவள் தெருப் பெண்கள் எட்டுப் பேரும். ஆளுக்கு ஒரு பாட்டில். "இதெல்லாம் வேற வேற கெணறு. நீ பாத்து எழுதிக் கொடு. உன் பேரைப் போட்டுக் கொடு. நாங்க கலெக்டராண்ட போறோம்," என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. என்னை அவள் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டாம். பாட்டிலைக் கொண்டுவந்தாளே, அது போதும்.

எனக்கு இப்போது லேப் இல்லை. ஒரு லிட்டர் சிலிண்டர் ஒன்று என்னுடையது, அது ஜன்னல் ஓரத்தில் நிற்கிறது. மற்றதெல்லாம் நீ கொண்டு வா. தண்ணீர் சோதிக்கிற பெட்டி உன்னிடம் இருக்குமே. உனக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை, பிறகு என்ன? குடியாத்தம் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கு. ஹமீத் ஸ்டேஷனுக்கு வருவார். மக்கன்பேடா வாங்கி வைக்கிறேன், இந்தத் தடவை டப்பாவுக்குள் இனிப்பே இருக்கும்.

ஒன்பது பாட்டிலுக்கும் சீட்டு ஒட்டிவிட்டேன். கிணற்றுக்காரி பெயர், தேதி, என் பெயர். கிழமையைக் காலண்டரில் இரண்டு தடவை பார்த்து எழுதினேன்.

உன்
குர்ஷித்